சர்க்கரை நோயும் பித்தப்பை அறுவையும்: ஆபத்து எங்கே இருக்கிறது?

பித்தப்பையில் கல் இருப்பது ஸ்கேனில் தெரிகிறது. அந்த ஆளுக்குப் பத்துப் பதினைந்து வருடமாகச் சர்க்கரையும் இருக்கிறது. உடனே வீட்டில் இரண்டு கட்சி பிரிந்துவிடும். "சுகர் உள்ள உடம்பு, கத்தி வைத்தால் புண் ஆறாது, வேண்டவே வேண்டாம்" என்பது ஒரு கட்சி. "சுகர் உள்ள உடம்பு, நாளைக்குச் சீழ் பிடித்தால் என்ன செய்வது, இப்போதே எடுத்துவிடுங்கள்" என்பது இன்னொரு கட்சி. இரண்டையும் ஒதுக்கிவிட முடியாது. வெவ்வேறு காலங்களில் அறுவை மருத்துவர்களே இரண்டையும் சொல்லியிருக்கிறார்கள். கடந்த நாற்பது ஆண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தபின் என் முடிவு இது: இந்த நோயாளிகளை அதிகம் பலிவாங்குவது தாமதம்தான். அந்தத் தாமதத்தில் ஒரு பங்கு நோயாளியின் உடம்பே செய்வது. மறுபங்கு வீட்டாரும், சில வேளை மருத்துவர்களும் சேர்ந்து செய்வது.

பித்தப்பையை முதன்முதலில் வெட்டி எடுத்தவர் பெர்லின் லாசரஸ் மருத்துவமனையின் கார்ல் லாங்கன்புக். நாள் 1882 ஜூலை 15. இன்சுலின் நோயாளியின் உடம்பில் ஏறியது அதற்கு 40 ஆண்டு கழித்து, 1922இல். இன்சுலின் வந்த பிறகும் அச்சம் போகவில்லை. பித்தப்பை அழற்சி முற்றி அவசரமாக அறுவைக்கு வந்த சர்க்கரை நோயாளிகளில் நூற்றில் 10 முதல் 20 பேர் வரை இறந்ததாகப் பழைய பதிவுகள் சொல்லின. 1961இல் வந்த ஓர் அமெரிக்கக் கட்டுரை, பித்தப்பைக் கல்லும் நீரிழிவும் சேர்வதைத் தலைப்பிலேயே கெட்ட சகுனம் என்றது. இதனால், தொந்தரவே தராத கல்லாக இருந்தாலும் சர்க்கரை நோயாளிக்கு முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும் என்பது மருத்துவக் கல்லூரிப் பாடமாகவே ஆகிவிட்டது.

அந்தக் கணக்கில் ஒரு கோளாறு இருந்தது. இறந்தவர்களுக்குச் சர்க்கரை மட்டும் இருக்கவில்லை. வயது கூடியிருந்தது, சிறுநீரகம் கெட்டிருந்தது, இதய ரத்தக்குழாய்கள் அடைத்திருந்தன. 1980களில் இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, சர்க்கரையின் தலையில் ஏற்றிய பழியில் பெரும்பகுதி சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் போய்விட்டது. அதே காலத்தில் இன்னொரு உண்மையும் தெளிந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வலியில்லாத கல்லோடு இருந்த 123 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1982இல் வெளியிட்டார்கள். 15 ஆண்டில் வலி வந்தது 18 சதவீதத்தினருக்குத்தான். அவர்கள் பொதுவான ஆட்கள். ஆனால் 1988இல் சர்க்கரை நோயாளிகளுக்கென்றே செய்த கணக்கீட்டிலும், பேசாத கல்லை முன்கூட்டி எடுப்பதால் ஆயுள் கூடவில்லை என்றே வந்தது.

ஆகவே தற்செயலாக ஸ்கேனில் அகப்பட்டு, ஒரு நாளும் வலி தராத கல்லை "இருக்கட்டும்" என்று விடும் மருத்துவர் அலட்சியக்காரர் அல்லர். பித்தப்பைச் சுவரில் சுண்ணாம்பு படிந்திருப்பது, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்த பாலிப், 3 சென்டிமீட்டரைத் தாண்டிய கல் போன்றவை புற்றுநோய் அச்சம் காரணமாக விதிவிலக்கு. கங்கைச் சமவெளிப் பகுதியில் பித்தப்பைப் புற்று அதிகம் என்பதால் அங்கே மருத்துவர்கள் கூடுதல் எச்சரிக்கையோடு இருப்பதும் நியாயமே.

ஒரு தடவை வலி தந்த கல்லின் கதை வேறு. இந்தக் கட்டுரையின் பாரம் முழுவதும் அங்கேதான்.

சர்க்கரை நோயாளிக்குக் கல் அதிகம் உண்டாக இரண்டு காரணம் உண்டு. இன்சுலின் சரியாக வேலை செய்யாத கல்லீரல், பித்தநீரில் கொலஸ்ட்ராலைக் கூடுதலாகக் கொட்டுகிறது. எலிகளில் இதன் வழிமுறையை 2008இல் காட்டினார்கள். அடுத்தது நரம்பு. நீண்ட நாள் சர்க்கரையால் பாதம் மரத்துப்போவது எல்லோரும் அறிந்தது. அதே சேதம் உள்ளுறுப்புகளுக்குப் போகும் தன்னியக்க நரம்புகளிலும் நடக்கிறது. சாப்பிட்டதும் சுருங்கிப் பித்தநீரைப் பீய்ச்ச வேண்டிய பை மந்தமாகிறது. தேங்கிய பித்தம் உறைந்து கல்லாகிறது. இப்போது எடைக்கும் சர்க்கரைக்கும் சேர்த்துப் போடும் செமாக்ளூட்டைட் வகை ஊசிகளாலும் பித்தப்பைத் தொல்லை சற்றுக் கூடுகிறது. 76 சோதனைகளைத் தொகுத்த 2022ஆம் ஆண்டு ஆய்வில், அந்த ஊசி போட்டவர்களுக்கு ஆபத்து 37 சதவீதம் அதிகம் என்று வந்தது. தனிமனிதக் கணக்கில் இது சிறிய எண்தான்; ஏற்கெனவே கல் உள்ளவர் ஊசி தொடங்கும் முன் அதைச் சொல்லிவிட வேண்டும்.

பையை மந்தமாக்கும் அதே நரம்புச் சேதம் வலியையும் மழுங்கடிக்கிறது. அறுபது வயதுக்காரர் ஒருவரை வைத்துப் பார்ப்போம். கல்யாண வீட்டில் சாப்பிட்டு வந்த இரவு மேல்வயிறு பிசைகிறது. "கேஸ்தான்" என்று மெடிக்கலில் பேன்டப்பிரசோல் வாங்கிப் போடுகிறார். மறுநாள் வலி குறைந்த மாதிரி இருக்கிறது, ஆனால் இட்லி இறங்கவில்லை. காய்ச்சல் இல்லை. மூன்றாம் நாள் வீட்டுக் கருவியில் பார்த்தால் சுகர் 380. சாப்பிடாத மனிதருக்கு ஏன் இவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. மாத்திரையை ஒன்று கூட்டிப் போட்டுக்கொள்கிறார். உள்ளே எங்கோ சீழ் பிடித்தால் கார்ட்டிசால், அட்ரினலின் எல்லாம் ஏறி, சாப்பிடாத வயிற்றிலும் சர்க்கரையை ஏற்றிவிடும். காரணம் தெரியாமல் திடீரென ஏறும் சர்க்கரையே பல சமயம் முதல் அறிகுறி. நான்காம் நாள் அவர் மருத்துவமனைக்கு வரும்போது வயிற்றை அழுத்தினாலும் பெரிதாக முகம் சுளிப்பதில்லை. ஸ்கேனில்தான் பித்தப்பைச் சுவர் தடித்து, சுற்றிலும் நீர் கோத்திருப்பது தெரிகிறது. சில பேருக்குச் சுவரின் ஒரு பகுதி ரத்த ஓட்டமின்றி ஏற்கெனவே கறுத்து அழுகியிருக்கும்.

மேல்வயிற்று வலியோடு வரும் சர்க்கரை நோயாளிக்கு ஸ்கேனுக்கு முன்பே ஈசிஜி எடுத்தாக வேண்டும். மாரடைப்பும் இதே "கேஸ்" வேடத்தில்தான் வரும்.

பித்தப்பை அழற்சிகளில் கொடியது, அதன் சுவருக்குள்ளேயே வாயு உண்டாகும் வகை. பித்தப்பைக்கு ரத்தம் கொண்டுவரும் தமனி ஒன்றுதான். அதற்கு மாற்றுவழி அனேகமாக இல்லை. சர்க்கரையால் அந்தச் சிறு குழாய் அடைபட்டால் சுவர் சாகிறது, செத்த சுவரில் கிளாஸ்ட்ரிடியம், ஈகோலி போன்ற கிருமிகள் வாயுவைக் கிளப்புகின்றன. இது வருபவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் சர்க்கரை நோயாளிகள், ஆண்கள் அதிகம், பலருக்குக் கல்லே இருக்காது. அல்ட்ராசவுண்டில் இந்த வாயு குடல் வாயு போலத் தோன்றி ஏமாற்றக்கூடும். சிடி ஸ்கேன் காட்டிக்கொடுத்துவிடும். சாதாரண பித்தப்பை அழற்சியில் நூற்றில் நான்கு பேரைப் போல இறக்கிறார்கள் என்றால், இதில் 15 முதல் 25 பேர் வரை என்று பாடநூல்கள் சொல்கின்றன. இங்கே மணிக்கணக்கு முக்கியம்.

இனி அறுவைக்கூடத்துக்குள் போவோம். இந்தியாவில் லேப்ராஸ்கோபி முறையில் பித்தப்பையை முதலில் எடுத்தவர் மும்பையின் டெஹெம்டன் உத்வாடியா, 1990இல். இன்று மாவட்டத் தலைநகரங்களில்கூட இது அன்றாட வேலை. நான்கு சிறு துளை, இரண்டு நாளில் வீடு. எளிதாகத் தோன்றும் இந்த அறுவையின் முழுச் சிக்கலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு முக்கோணத்தில் இருக்கிறது. கல்லீரலின் அடிப்பகுதி, கல்லீரலிலிருந்து இறங்கும் பித்தநாளம், பித்தப்பையிலிருந்து வந்து அதில் சேரும் சிறு குழாய் ஆகிய மூன்றுக்கும் நடுவிலுள்ள இடம் அது. வெட்ட வேண்டியது சிறு குழாயையும் அதன் பக்கத்துத் தமனியையும் மட்டும். பெரிய பித்தநாளத்தைச் சிறு குழாய் என்று எண்ணி வெட்டிவிட்டால் அந்த மனிதரின் வாழ்க்கையே மாறிவிடும். பிரிட்டனின் ஆண்டனி ஈடனுக்கு 1953இல் பித்தப்பை அறுவையின்போது பித்தநாளம் சேதமாயிற்று. பாஸ்டன் வரை போய் மறு அறுவை செய்துகொண்ட பிறகும், பிரதமராக இருந்த நாட்களிலும், காய்ச்சல் அவரை விடவில்லை. அவருக்குச் சர்க்கரை நோய் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பாரா என்பது சந்தேகமே.

லேப்ராஸ்கோபியில் இந்தச் சேதம் ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்கு நேர்கிறது. அதைத் தவிர்க்க அமெரிக்க அறுவை நிபுணர் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்க் 1995இல் ஒரு விதியை வகுத்தார். முக்கோணத்திலுள்ள கொழுப்பையும் சவ்வையும் முழுக்க விலக்கி, பித்தப்பையின் கீழ்ப்பகுதியைக் கல்லீரலிலிருந்து பிரித்து, பைக்குள் நுழைவது இரண்டே இரண்டு அமைப்புகள் என்று கண்ணால் கண்ட பிறகே கிளிப் போட வேண்டும். அழற்சி புதிதாக இருக்கும் முதல் இரண்டு மூன்று நாளில் திசுக்களில் நீர் கோத்திருக்கும், தளங்கள் சுலபமாகப் பிரியும். ஒரு வாரம் கடந்தால் எல்லாம் ஒட்டி இறுகிவிடும். காய்ந்த களிமண்ணில் புதைந்த நூலை அறாமல் உருவுவது போன்ற வேலை அது. மௌனமாக நாள் கடத்தி வந்த சர்க்கரை நோயாளியின் வயிற்றில் மருத்துவர் சந்திப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது நிலையை. அவர்களுக்குத் துளை அறுவை பாதியில் நின்று வயிற்றைத் திறக்க வேண்டிவருவது அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்வதன் காரணமும் இதுவே.

அப்படித் திறப்பதைத் தோல்வி என்று நினைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. "கீஹோல் என்று சொல்லிவிட்டு ஓப்பன் பண்ணிட்டாங்க" என்று குறைப்படுவார்கள். முக்கோணம் தெளியாதபோது வயிற்றைத் திறப்பது, அல்லது பையின் அடியில் ஒரு பகுதியை விட்டுவிட்டு மீதியை மட்டும் எடுப்பது, பித்தநாளத்தைக் காப்பாற்றும் முடிவு. நல்ல அறுவை மருத்துவர் கையெழுத்து வாங்கும்போதே இதைச் சொல்லிவைப்பார்.

உயிராபத்து எவ்வளவு? அவசர பித்தப்பை அறுவை செய்துகொண்ட 5,000க்கும் மேற்பட்டோரின் பதிவுகளை வைத்து 2013இல் வந்த அமெரிக்க ஆய்வில், சர்க்கரை நோயாளிகளில் 4.4 சதவீதம் பேரும் மற்றவர்களில் 1.4 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். மாரடைப்பும் சிறுநீரகச் செயலிழப்பும் அவர்களிடம் அதிகம். வயதையும் மற்ற நோய்களையும் கழித்துப் பார்த்தபோது இடைவெளி குறைந்தது; மறைந்துவிடவில்லை. இவை அவசர அறுவையின் எண்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து, நாள் குறித்து, நிதானமாகச் செய்யும் அறுவையில் இந்த இடைவெளி மிகச் சிறியது.

இங்கேதான் நம் மருத்துவமனை வார்டுகளில் அடிக்கடி கேட்கும் ஒரு வாசகத்தோடு எனக்கு முரண்பாடு: "சுகர் இறங்கட்டும், அப்புறம் பார்க்கலாம்." வலி தணிந்து, நாள் குறித்துச் செய்யும் அறுவைக்கு இது சரியான பேச்சு. மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி எட்டுக்குக் கீழே வருவது நல்லது என்கின்றன அமெரிக்க நீரிழிவுச் சங்க வழிகாட்டிகள். ஆனால் சீழ் பிடித்த பித்தப்பையோடு படுத்திருப்பவருக்கு அதைச் சொல்வது தலைகீழ். சர்க்கரை ஏறியிருப்பதற்குக் காரணமே அந்தச் சீழ். அது உள்ளே இருக்கும்வரை எத்தனை யூனிட் போட்டாலும் சரியாக இறங்காது. மூன்று மாதச் சராசரியை மூன்று நாளில் திருத்தவும் முடியாது. இன்சுலின் ட்ரிப் போட்டுச் சில மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரையை 180க்குக் கீழே கொண்டுவந்து, நீர்ச்சத்தையும் பொட்டாசியத்தையும் சரிசெய்து, ஆன்டிபயாடிக் ஏற்றிவிட்டு அறுவைக்குப் போகலாம். 618 பேரிடம் நடத்தி 2013இல் வெளியான ஜெர்மானியச் சோதனையில், 24 மணி நேரத்துக்குள் அறுவை செய்தவர்களுக்குச் சிக்கல் 11.8 சதவீதம், மருந்து கொடுத்து வாரக்கணக்கில் ஒத்திவைத்தவர்களுக்கு 34.4. அடுத்த ஆண்டு சர்க்கரை நோயாளிகளை மட்டும் எடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்விலும், தள்ளிப்போட்டவர்களுக்கு அறுவைப் புண்ணில் சீழ் பிடிப்பது கூடியிருந்தது.

சர்க்கரையை 100க்கு அருகில் நெருக்கிப் பிடிப்பதும் தவறு. 2009இல் வெளிவந்த 'நைஸ்-சுகர்' சோதனை, தீவிர சிகிச்சைப் பிரிவில் அப்படி நெருக்கியவர்களிடம் இறப்பு கூடியதைக் காட்டியது: 27.5 சதவீதம், தளர்வாக வைத்தவர்களில் 24.9. மயக்கத்தில் இருப்பவருக்குத் தாழ்சர்க்கரை வந்தால் வியர்வையும் நடுக்கமும் சொல்ல ஆளில்லை.

அறுவையைத் தாங்கவே முடியாத நிலையில் இருப்பவருக்கு விலா எலும்புக்குக் கீழே ஊசி வழியாகக் குழாய் நுழைத்துச் சீழை வடிக்கலாம். இதைப் பாதுகாப்பான குறுக்குவழி என்று எல்லோருக்கும் செய்துவிடக் கூடாது. நெதர்லாந்தில் 142 உயர் ஆபத்து நோயாளிகளிடம் நடந்து 2018இல் வெளியான சோதனையில், அறுவை செய்தவர்களில் 12 சதவீதத்தினருக்குப் பெரிய சிக்கல் வந்தது. குழாய் போட்டவர்களில் 65.

மாத்திரைகளைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். அவசர வார்டில் "என்ன மருந்து சாப்பிடுறீங்க" என்று கேட்டால் "சுகர் மாத்திரை, காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு" என்பதே பெரும்பாலும் பதில். அந்தக் காலை மாத்திரை டாபாகிளிஃப்ளோசினா எம்பாகிளிஃப்ளோசினா என்பது உயிர்ப் பிரச்சினை. சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் இந்த வகை மருந்துகள் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் மிக நல்லவை. டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2020 அக்டோபரில் இந்தியாவில் முடிந்து விலை சரிந்ததும் ஏழை எளியவர் கைக்கும் வந்துவிட்டன. ஆனால் பட்டினி, காய்ச்சல், அறுவை மூன்றும் சேரும்போது இவை ரத்தத்தில் கீட்டோன் அமிலத்தைப் பெருக்கக்கூடும். அப்போது குளுக்கோமீட்டர் 160 என்றுதான் காட்டும். பெருமூச்சு, வாந்தி, வயிற்று வலி எல்லாம் இருக்கும். எண் நன்றாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. பித்தப்பை எடுத்த மறுநாள் இப்படி வந்தால் பித்தம் கசிகிறதோ என்றுதான் மருத்துவர் முதலில் நினைப்பார்; மீண்டும் ஸ்கேன், அதற்குள் அமிலம் ஏறிக்கொண்டே போகும். கீட்டோன் சோதனை ஒன்று போதும் கண்டுபிடிக்க. நாள் குறித்த அறுவைக்கு மூன்று நாள் முன்பே இவற்றை நிறுத்த வேண்டும் என்று அமெரிக்க மருந்துத் துறை 2020இல் அறிவித்தது. அவசர அறுவையில் மூன்று நாள் கிடைக்காது. மயக்க மருந்து நிபுணருக்குப் பெயர் தெரிந்திருந்தால் கீட்டோனைக் கவனித்துக்கொண்டே, குளுக்கோஸும் இன்சுலினும் சேர்த்து ஏற்றுவார்.

கிளிமிபிரைடு பட்டினியில் தாழ்சர்க்கரை தரும். மெட்ஃபார்மினை சிறுநீரகம் சோர்ந்திருக்கும்போது நிறுத்திவைக்க வேண்டும். செமாக்ளூட்டைட் போன்ற வாராந்திர ஊசிகளால் இரைப்பை மெதுவாகக் காலியாவதால், மயக்கத்தில் உணவு மேலெழுந்து நுரையீரலுக்குள் போகும் அபாயம் உண்டு. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் குளோபிடோக்ரெலைத் தானாக நிறுத்திவிட்டு வருவதும் ஆபத்து, சொல்லாமல் போட்டுக்கொண்டு வருவதும் ஆபத்து. மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோவதைவிடச் சுலபமான பாதுகாப்பு வேறில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாக வீட்டு வாசலுக்கே சர்க்கரை மாத்திரை வருகிறது. கொண்டுவரும் பணியாளர் சாப்பிட்டபின் மேல்வயிற்று வலி உண்டா, கண் மஞ்சளாக இருக்கிறதா என்ற இரண்டு கேள்வியையும் சேர்த்துக் கேட்டால் பல தாமதங்கள் குறையும் என்று நம்புகிறேன்.

கல் பைக்குள் இருக்கும்வரை ஒரு கதை. நழுவிப் பித்தநாளத்தில் சிக்கினால் இன்னொரு கதை. கண் மஞ்சள், சிறுநீர் அடர்நிறம், மலம் வெளிறல், உடம்பெல்லாம் அரிப்பு. நம் ஊரில் மஞ்சள் என்றதும் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பார்கள். கிருமியால் வரும் காமாலை தானாகவே தணியக்கூடியது என்பதால் அந்த வைத்தியத்துக்குப் பெயர் நிலைத்தது. குழாயை அடைத்த கல்லை எந்த இலையும் நகர்த்தாது. மஞ்சளோடு குளிர்காய்ச்சலும் சேர்ந்தால் தேங்கிய பித்தத்தில் சீழ் பிடித்து ரத்தத்தில் கலக்கிறது என்று பொருள். சர்க்கரை நோயாளிக்கு அது கல்லீரல் கட்டியாகவும் மாறலாம். பித்தம் குடலுக்கு வராததால் வைட்டமின் கே உறிஞ்சப்படாமல் ரத்தம் உறையும் தன்மை கெடும். ஏற்கெனவே சர்க்கரையால் பழுதான சிறுநீரகம் இந்த மஞ்சளில் இன்னும் சரியும். கத்தியெடுக்கும் முன் வைட்டமின் கே ஊசியும் போதுமான ட்ரிப்பும் ஏன் முக்கியம் என்பது இதனால்தான்.

நல்லவேளையாக, 1974இல் ஜெர்மனியின் எர்லாங்கனிலும் ஜப்பானின் கியோட்டோவிலும் தனித்தனியே தொடங்கிய முறையில், வாய்வழி எண்டோஸ்கோப் விட்டுப் பித்தநாளத்தின் வாயைக் கீறிக் கல்லை எடுத்துவிடலாம். இ.ஆர்.சி.பி. என்று நாம் சொல்வது இதைத்தான். கணைய அழற்சி, ரத்தக்கசிவு என்ற ஆபத்துகள் இதற்கும் உண்டு. ஆனால் சீழோடு இருக்கும் சர்க்கரை நோயாளியின் நாளத்தை வயிற்றைத் திறந்து அறுப்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

வலியே இல்லாமல் மஞ்சள் வந்து, அண்மையில்தான் சர்க்கரையும் தொடங்கி, உடம்பும் இளைத்திருந்தால் கல் என்று முடிவு கட்டக் கூடாது. கணையத் தலையில் புற்று முளைக்கும்போது சர்க்கரை முன்னோடியாக வருவதுண்டு. அதற்கு சிடி ஸ்கேன் உடனே வேண்டும்.

அறுவை முடிந்து வீட்டுக்கு வந்தபின் இரண்டு காகிதங்களைத் தேடி வாங்க வேண்டும். எடுத்த பித்தப்பையின் திசுப் பரிசோதனை அறிக்கை ஒன்று. எதிர்பாராத புற்று அதில்தான் தெரியும். மற்றொன்று, இ.ஆர்.சி.பி.யில் பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்திருந்தால் அதை எடுக்க வேண்டிய தேதி. மூன்று மாதத்துக்குள் எடுக்கவோ மாற்றவோ செய்யாவிட்டால் அது அடைத்துக்கொள்ளும். மஞ்சள் போய்விட்டது, சாப்பாடு இறங்குகிறது, செலவு வேறு ஆகிவிட்டது என்று பலர் திரும்பிப் போவதில்லை. ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து நடுக்கத்தோடு காய்ச்சல் வந்து அவசர வார்டில் சேர்கிறார்கள். தேதி எழுதிய அந்தத் தாளைச் சர்க்கரை நோட்டிலேயே ஒட்டிவைக்கலாம். மாதாமாதம் மாத்திரை எழுதிக்கொடுக்கும் மருத்துவரின் கண்ணில் படும்.